முகம் எடுக்க ஒரு பழைய லென்ஸ்: கேள்வி – பதில்

மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டி போர்ட்ரெய்ட் எடுப்பது பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: சோனி ஏ6400 வைத்திருக்கிறேன். ஆள் படத்துக்கு 85 மி.மீ. லென்ஸ்தான் சரி என்கிறார் நண்பர். நல்ல 85 எல்லாம் விலை எட்டவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், நாகர்கோவில்

ப: நண்பர் சொல்வது ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கு. உங்களுடையது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். லென்ஸின் எண்ணை 1.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் 75 போலவும், 58 லென்ஸ் 87 போலவும் காட்டும். 85-ஐ மாட்டினால் அது கிட்டத்தட்ட 127. தலை முதல் இடுப்பு வரை நெட்டுவாக்கில் அடக்க மூன்றேகால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டுக் கூடங்களில் அதற்குள் முதுகு சுவரில் முட்டிவிடும். 50-க்கு இரண்டு மீட்டர் போதும்.

அந்தக் காலத்தில் ஃபிலிம் கேமரா வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 58 வரையிலான லென்ஸ்தான் கூடவே வந்தது. அதனால்தான் இன்றும் அவை நிறைய கிடைக்கின்றன, மலிவாகவும் கிடைக்கின்றன. சூப்பர் டாக்குமார் 55 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது), மினோல்டா எம்டி 50 எஃப் 1.7, கோனிகா ஹெக்ஸனான் 50 எஃப் 1.7, ஹீலியோஸ் 44-2 (58 எஃப் 2) இவற்றில் எது சுத்தமாகக் கையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். எஃப் 1.4 வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 1.7-க்கும் அதற்கும் அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வித்தியாசம். முழுசாகத் திறந்தால் பழைய 1.4 லென்ஸ்கள் முகத்தைச் சுற்றி லேசாகப் புகை படர்ந்ததுபோல் காட்டும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு எரிச்சல்.

கே: ஃபுல் ஃபிரேம் (நிக்கான் இசட்5) வைத்திருப்பவருக்கு எந்த லென்ஸ்? ஜுபிட்டர்-9 வாங்கலாமா? – வாசகி, கோவை

ப: யோசிக்காமல் நிக்கார் 105 மி.மீ. எஃப் 2.5. 1984-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் இந்த வகை லென்ஸில் எடுத்ததுதான். முழுசாகத் திறந்தாலும் கூர்மை குறையாது. லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வெறும் உலோக அடாப்டர் போதும். கேமரா மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ்’ பகுதியில் 105, 2.5 என்று பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உடலுக்குள் இருக்கும் ஆட்டம் தணிக்கும் வசதிக்கு எந்த லென்ஸ் என்று தெரியாது.

அதுவும் விலை அதிகம் என்றால் 135 மி.மீ. பக்கம் போங்கள். யாரும் சீந்தாத நீளம் அது, அதனால் மலிவு. ஜுபிட்டர்-9 (85 எஃப் 2) பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 15 பிளேடுகளோடு அப்பர்ச்சர் (ஒளி புகும் திறப்பு) எந்த எண்ணிலும் வட்டமாக நிற்கும், படம் மென்மையாக வரும். ஆனால் அதன் ஃபோகஸ் மரையைக் கழற்றி கிரீஸ் மாற்றியவர்கள் பலர், சரியாகத் திரும்ப மாட்டியவர்கள் சிலர். நேரில் பார்க்காமல் வரவழைத்து வாங்கும் லென்ஸாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கே: ஹீலியோஸ் 44-2 வாங்கினேன். எல்லோரும் காட்டும் சுழல் பின்னணி என் படத்தில் வரவே இல்லை. போலி லென்ஸா? – வாசகர், சேலம்

ப: லென்ஸ் அசலாகவே இருக்கும். குறை, நீங்கள் படம் எடுக்கும் இடத்தில்தான். படத்தின் ஓரங்களில் ஒளிப்பொட்டு முழு வட்டமாக இல்லாமல் பூனைக் கண் போல் நசுங்கும். அந்த நசுங்கல்கள் நடுவைச் சுற்றி வரிசை கட்டுவதுதான் சுழல். பின்னணியில் பொட்டுகள் இருந்தால்தானே நசுங்கும்? வெறும் சுவரோ வானமோ இருந்தால் ஒன்றும் நடக்காது. வேப்ப மரம், புளிய மரம் போலச் சிறு இலைகளுக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் இடத்தைப் பிடியுங்கள். ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள், மரம் அவருக்குப் பின்னால் நாலைந்து மீட்டரில் இருக்கட்டும், அப்பர்ச்சர் எஃப் 2-லேயே நிற்கட்டும். 2.8-க்கு வந்தாலே சுழல் பாதி போய்விடும்.

இன்னொன்று: ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுகிறது, சுழல் இருப்பதே ஓரத்தில்தான். அதை மீட்க, படத்தைச் சுருக்கிச் சென்சாருக்குள் அடக்கும் 0.71 மடங்கு ஃபோகல் ரெட்யூசர் அடாப்டர் உண்டு. 58 அப்போது 41 ஆகும், ஒளியும் ஒரு ஸ்டாப் கூடும்.

44-2-ல் முன்னால் இரண்டு வளையங்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்பியவர்கள் பலர். ஒன்றை, உதாரணத்துக்கு, எஃப் 4-ல் திருப்பி வையுங்கள். மற்றது எஃப் 2-க்கும் அந்த 4-க்கும் நடுவே மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும், 4 வந்ததும் முட்டி நிற்கும். திறந்துவைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை வியூஃபைண்டரில் இருந்து எடுக்காமல் விரலால் முட்டும் வரை தள்ளிவிட்டு கிளிக் செய்யலாம். ஃபிலிம் காலத்து ஏற்பாடுதான், மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

கே: பழைய லென்ஸை நேரில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர்கள், சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி

ப: கேட்டது மூவரும் கடலோர ஊர்க்காரர்கள் என்பதில் ஆச்சரியமில்லை, ஈரக் காற்றில்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கையில் போன் இருந்தால் போதும்.

இரண்டு மூடிகளையும் கழற்றி அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து வையுங்கள். போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம், நேராக இல்லாமல் சாய்வாகப் பிடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். லென்ஸை மெதுவாகச் சுழற்றுங்கள். தூசி தனித்தனிப் பொட்டாக மின்னும். எந்தப் பழைய லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். சிலந்தி வலை போலக் கிளை பிரியும் வெள்ளை இழை தெரிந்தால் ஃபங்கஸ் (பூஞ்சை). இழையைத் துடைத்து எடுக்கலாம், அது பூச்சை அரித்த தடம் போகாது. மொத்தமாகப் பால் கலங்கியதுபோல் இருந்தால் ஹேஸ். படத்தில் கறுப்பு கறுப்பாக வராது, கான்ட்ராஸ்ட் இருக்காது. ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பது பெரிய குறை இல்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து அப்பர்ச்சர். பிளேடில் எண்ணெய் மினுமினுத்தால் எல்லா லென்ஸுக்கும் ஒரே தீர்ப்பு இல்லை. ஹீலியோஸ் 44-2-ல் விரலால்தான் மூடுகிறோம், எண்ணெய் இருந்தாலும் மூடும். ஸ்பிரிங் இழுத்து மூடும் நிக்கார், டாக்குமார் வகைகளில் பிளேடு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும். பின்னால் இருக்கும் நெம்பியை (சிறு லீவர்), டாக்குமாரில் ஊசியை, தட்டிப் பாருங்கள். சட்டென்று திரும்ப வேண்டும். கடைசியாக ஃபோகஸ் வளையம். இறுக்கமாக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, மாற்றலாம். கொடகொடவென்று ஆடினால் தேய்மானம், திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கி வந்ததைத் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் அதில்தான் தங்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரிசி மாவு கண்ணாடியில் படியும், சோற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சூப்பர் டாக்குமார் 50 எஃப் 1.4-ன் கண்ணாடி தேநீர் நிறத்தில் இருக்கிறது. கதிர்வீச்சு உள்ள லென்ஸ் என்று பயமுறுத்துகிறார்கள். – வாசகி, மதுரை

ப: உண்மைதான். ஏழு கண்ணாடி கொண்ட அந்த வகையில் ஒளிவிலகல் கூடுதலாகக் கிடைக்கத் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். அதன் கதிர்வீச்சே பல ஆண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. மாட்டிப் படம் எடுப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கவும் வேண்டாம்.

பழுப்பைப் போக்கப் புறஊதா ஒளி வேண்டும். புறஊதா எல்இடி விளக்கைப் பின் கண்ணாடிக்கு நேராகச் சில நாள் எரியவிட்டால் நிறம் வெளுக்கும். விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். வெயிலிலும் வைக்கலாம்தான், ஆனால் மதுரை வெயிலில் கிரீஸ் உருகிப் பிளேடுக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

கே: லென்ஸ் மாட்டியும் ஷட்டர் அழுந்தவில்லை. கேனான் எஃப்டி லென்ஸில் அப்பர்ச்சரும் அசையவில்லை. – வாசகர், ஈரோடு

ப: முதலாவது, கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியவில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற வரியைத் தேடி ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது, அடாப்டரில் திற–பூட்டு என்று ஒரு வளையம் இருக்கும். அது ‘திற’ நிலையில் இருக்கும்போது லென்ஸை மாட்டி, பிறகு ‘பூட்டு’ பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் அடாப்டரின் முள் லென்ஸ் நெம்பியைப் பிடிக்கும். பூட்டிய நிலையிலேயே மாட்டினால் முள் தப்பான பக்கம் போய்விடும். லென்ஸ் வளையம் ‘ஏ’ (தானியங்கி) குறியில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

எம்42 என்ற திருகி மாட்டும் வகை லென்ஸ்களில் பின்னால் ஒரு ஊசி துருத்தும். ஏ–எம் (தானியங்கி–கைமுறை) சுவிட்ச் இருந்தால் ‘எம்’மில் வையுங்கள். பிற்கால ஹீலியோஸ் 44எம்-4 போன்றவற்றில் சுவிட்ச் கிடையாது. ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள்.

அடாப்டரின் உட்புறம் பளபளத்தால் படத்தின் நடுவில் வெளிறிய திட்டு விழும். கறுப்பு வெல்வெட் தாளை ஒட்டினால் போய்விடும்.

கே: ஃபோகஸ் பீக்கிங்கில் கண் சிவப்பாகத் தெரிகிறது, படத்தில் மூக்குதான் கூர்மை. – வாசகர், யாழ்ப்பாணம்

ப: கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் ஏறத்தாழச் சொல்லும், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேமில் 85 லென்ஸ், எஃப் 2, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் மூன்றரை செ.மீ. நின்றபடி மூச்சு விட்டாலே ஆள் அவ்வளவு ஆடுவார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை ஒரு பட்டனுக்குக் கொடுங்கள். இந்த லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினால் அது தானாக வராது. இமை முடியில் ஃபோகஸ் வைத்து, வளையத்தை விட்டுவிட்டு மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுங்கள், ஒன்று விழும். குழந்தைகள் என்றால் 2.8-க்கு மூடி, ஷட்டரை 1/250-க்குக் கீழே இறக்காதீர்கள்.