ஸ்கேன் நார்மல், தோள்பட்டை வலி மட்டும் போகவில்லையா?

ஆறு மாதத் தோள்பட்டை வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, மசாஜ் செய்தால் இரண்டு நாள்தான் தாங்குகிறது என்கிறீர்கள். வலி கற்பனையில்லை. நரம்பு முனைகள் அனுப்புவது எச்சரிக்கை. அதை வலியாக்குவது மூளை. மாதக்கணக்கில் எச்சரிக்கை போனால் தண்டுவடமே கூருணர்வாகி (சிறு தொடுகையையும் பெரிதாக உணர்ந்து), சட்டை உரசினால்கூட வலிக்கலாம்.

இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்ப்போமே, மசாஜும் ஏறக்குறைய அதுதான்: தொடுசேதி தண்டுவடத்தில் வலிச்சேதியை மட்டுப்படுத்துகிறது (மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கருத்து). மசாஜில் ‘தசை முடிச்சு கரைந்தது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இரண்டு நாளில் தோளை மெதுவாகச் சுழற்றுங்கள்: 10 தடவை, தினம் மூன்று வேளை. வலி பத்துக்கு நாலைத் தாண்டினால் வீச்சைக் குறையுங்கள். பல்லைக் கடித்துத் தாங்கும் அழுத்தம் வேண்டாம், கூருணர்வு கூடும். கை மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ மசாஜை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.