கோலிக்குத் தெரிந்த பயம்

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஊர் தூத்தூர் பக்கம். கல்லூரி கால்பந்து அணியில் நான்தான் கோலி (கோல்கீப்பர்). விளையாட்டு உளவியலாளர் ஆக ஆசை. அம்மாவோ, "அதெல்லாம் ஒரு வேலையா? பேங்க் பரீட்சைக்குப் படி" என்கிறார். எங்கே படிப்பது? பிழைக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மக்ளே, நீ கோலி என்பதால் பெனால்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2007-இல் வெளிவந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வு, 286 பெனால்டி உதைகளை எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு ஆறு தடவைதான் கோலி நடுவிலேயே நின்றிருந்தார். மற்றதெல்லாம் இடமோ வலமோ பாய்ச்சல். ஆனால் பந்தைத் தடுக்க அதிக வாய்ப்பு இருந்தது நடுவில் நின்றபோதுதான்! பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து கோல் வாங்கினால் "பாவம், முயற்சி பண்ணினான்" என்போம். நின்று வாங்கினால் வேடிக்கை பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? இந்தப் பயத்தை அடையாளம் கண்டு, அது இருக்கும்போதே சரியாக முடிவெடுக்க ஆட்டக்காரரைப் பழக்குவதுதான் நீ ஆசைப்படும் வேலை. மேட்சுக்கு முன்னால் கைதட்டி உற்சாகப்படுத்துவது இல்லை.

சரி, படிப்பு. சென்னை மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும், மணிப்பூரில் உள்ள தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறைக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. என்னைக் கேட்டால், முதலில் பொதுவான எம்.எஸ்சி. உளவியலை முடி, அப்புறம் விளையாட்டுப் பக்கம் வா என்பேன். ஆட்டம் சரியில்லை என்று வரும் பிள்ளைக்கு உண்மையில் மனச்சோர்வாக இருக்கலாம், வீட்டில் அடி விழலாம். அதைக் கண்டுபிடிக்கவும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியவும் அகலமான அடித்தளம் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு கட்டாயம், அது தனிப் பாதை. சில வார ஆன்லைன் சான்றிதழ்களில் இப்போதைக்குப் பணத்தைப் போடாதே.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கடற்கரையில் சாயங்காலமானால் பந்து உருளாத நாள் உண்டா? சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச்சிடம் அனுமதி கேட்டு, ஒரு நோட்டோடு ஓரமாக உட்கார். கோல் வாங்கியதும் யாருக்குத் தோள் தொங்குகிறது, யார் உடனே அடுத்தவனைத் திட்டுகிறான், அப்பா பார்க்க வந்தால் மட்டும் யாருக்குக் கால் தடுமாறுகிறது என்று எழுதி வை. ஆறு மாதத்துக்கு யாருக்கும் அறிவுரை சொல்லாதே.

இன்னொன்றும் இப்போதே பழகு. நம் கடற்கரை ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஒரு பையன் உன்னிடம் சொன்னது ராத்திரிக்குள் அவன் வீட்டு அடுக்களைக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு ஒருத்தனும் உன்னிடம் வாய் திறக்க மாட்டான். "அவனுக்குப் பயமா?" என்று கோச்சே கேட்டாலும், அந்தப் பையன் சம்மதிக்காமல் சொல்லக்கூடாது. இந்தத் தொழிலின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பிழைப்பு? முழுநேர வேலைகள் குறைவு, மறைக்கவில்லை. அகாடமிகளோடு பகுதிநேரமாகத் தொடங்க வேண்டியிருக்கும். 2024-இல் நம் குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனபோது, பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் அவருக்குத் துணையாக இருந்தார் என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் கவலை வருமானத்தைப் பற்றியது, அது நியாயமானதும்கூட. எம்.எஸ்சி. முடித்தால் பள்ளி, கல்லூரிகளில் ஆலோசகர் வேலைக்கும் போகலாம் என்பதை முதலில் சொல், குகேஷை அப்புறம் சொல்.