ஏட்டில் மங்கிய எழுத்து

கேள்வி: பரணில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. எழுத்தே தெரியவில்லை. அழிந்துவிட்டதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. எழுத்தாணி கீறிய பள்ளம்தான் எழுத்து; அதிலிருந்த கரிதான் உதிர்ந்திருக்கும்.

முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஒட்டிய ஏடுகளை இழுக்காதீர்கள், மேல்தோலோடு எழுத்தும் உரிந்து வந்துவிடும். அப்படி இருந்தால் சுவடி நிபுணரிடம் கொடுப்பதே நல்லது. தனியாக வரும் ஏட்டில், பஞ்சில் தொட்ட எலுமிச்சைப்புல் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். மொடமொடப்பு குறையும், பூச்சியும் அண்டாது. பிறகு விளக்குக்கரியை அதே எண்ணெயில் குழைத்துப் பூசி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். மேலே உள்ள கரி போய்விடும், பள்ளத்தில் உள்ளது தங்கும். வெறுமையாகக் கிடந்த ஏட்டில் வரிவரியாக எழுத்து எழுந்து வருவதைப் பார்க்கவே அவ்வளவு அழகு! எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டும், ஏடும் கறுக்கும். மையால் எழுதிய ஏடு என்றால் எதையும் தடவாதீர்கள், மை கரைந்துவிடும்.

வெயிலில் காயவைக்கவே கூடாது. ஏடு சுருண்டு வெடிக்கும். நிழலில் ஆறவிட்டு, மரச்சட்டங்களுக்கிடையே வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டு போடுங்கள். படிக்கும்போது புள்ளியைத் தேடாதீர்கள், பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது.