விளைவித்தவர் யார்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

மொட்டைமாடியில் இருபது பைகளில் காய்கறி போட்டிருக்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க வேண்டும். போன வருடம் இணையத்தில் 'நாட்டு விதை' என்று விற்ற தொகுப்பு ஒன்றை வாங்கினேன். பாதி முளைக்கவே இல்லை. காய்த்த வெண்டையில் விதை எடுத்துப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. கம்பெனி விதை வாங்குவது பாவம் என்கிறார்கள் தோட்ட நண்பர்கள். ஹைபிரிட் இல்லாமல் எதுவும் காய்க்காது என்கிறார் நர்சரிக்காரர். யாருக்கும் கெடுதல் செய்யாமல் நல்ல விதை வாங்க எங்கே போவது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு வெண்டையில் நடந்தது எனக்குச் சுரையில் நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் நாட்டுச் சுரை விதை வாங்கினேன். பந்தல் நிறையக் காய். முதல் காயை அரிந்து ஒரு துண்டை நாக்கில் வைத்ததுமே துப்பிவிட்டேன், அவ்வளவு கசப்பு. கசக்கும் சுரையைச் சமைக்கவே கூடாது. அந்தக் கசப்பு நஞ்சு, ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். கொடி முழுவதையும் பிடுங்கிப் போட்டேன். விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால், விளைவித்தது யாரென்று அவருக்கே தெரியவில்லை. யாரோ கிலோ கணக்கில் கொடுத்ததை வாங்கிப் பொட்டலம் போட்டிருக்கிறார்.

சுரையும் பூசணியும் பூச்சிகளை நம்பிக் காய் பிடிப்பவை. பக்கத்தில் கசப்புச் சுரை நின்றால் மகரந்தம் கலந்துவிடும். அந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையிலிருந்து வரும் கொடியில்தான் தெரியும். அதனால் விதைக்கென்று வளர்ப்பவர் தூரம் விட்டு வளர்க்க வேண்டும், இல்லையென்றால் பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். இந்த உழைப்புக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். உங்கள் வெண்டையும் இப்படித் தேனீ கலந்ததாக இருக்கலாம், அல்லது ஹைபிரிட் விதையையே நாட்டு விதை என்று கட்டி விற்றிருக்கலாம். ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் விதை. அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிகள் ஒரே மாதிரி வராது.

அப்புறம் நான் விதை விற்பவரிடம் கேட்பது ஒன்றுதான்: இதை விளைவித்தவர் யார்? எந்த ஊர், எத்தனை வருடமாக விதை எடுக்கிறார், பக்கத்தில் வேறு ரகம் நின்றதா? இதற்குப் பதில் சொல்பவரிடம் விலை கூட இருந்தாலும் வாங்குகிறேன். பொட்டலத்தின் மேல் 'பாரம்பரியம்' என்று அச்சடித்திருப்பதற்காக வாங்குவதில்லை.

கம்பெனி விதை வாங்கும்போதும் இதே கேள்விதான். ஹைபிரிட் தக்காளி விதை எப்படி உருவாகிறது தெரியுமா? மொட்டு விரிவதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பிரித்து மகரந்தப்பையைக் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். எல்லாம் கைவேலை. கர்நாடகத்தின் ஹாவேரி, கொப்பல் பக்கம் இந்த வேலை நிறைய நடக்கிறது. காய்கறி விதை வயல்களில் பிள்ளைகள் வேலை செய்வதையும், பெண்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காததையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பளபளப்பான உறையில் இதெல்லாம் இருக்காது. இதைப் படித்த பிறகு அந்த உறைகளை என்னால் பழையபடி கையில் எடுக்க முடியவில்லை.

ஆனாலும் பாவம் என்ற சொல் வேண்டாம். கடன் வாங்கி ஒரு ஏக்கர் தக்காளி போடும் விவசாயி ஹைபிரிட் வாங்கினால் அவரை ஒரு வார்த்தை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இருபது பை வைத்திருக்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அவ்வளவுதான்.

நாட்டு விதை, கம்பெனி விதை என்று இரண்டை மட்டுமே எல்லோரும் பேசுகிறோம். நம் வரிப்பணத்தில் உருவான மூன்றாவது ஒன்று இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும் வெளியிட்ட ரகங்களில் பல ஹைபிரிட் அல்ல. பி.கே.எம். 1 தக்காளியும் 1989-இல் வந்த பி.கே.எம். 1 முருங்கையும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானவை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் விதை எடுப்பதும் சுலபம். பழச்சதையை இரண்டு நாள் புளிக்க வைத்து அலசிக் காயவைத்தால் போதும், அடுத்த வருடம் வாங்க வேண்டாம்.

கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை இருக்கும். முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். கத்தரிக்கும் தக்காளிக்கும் குறைந்தது 70 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும், வெண்டைக்கு 65. ரோஸ் நிறத்தில் விதை இருந்தால் பூஞ்சாண மருந்து கலந்தது என்று அர்த்தம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

விவசாயியிடம் நேரடியாக வாங்கும்போது லேபிள் இருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

இலவசமாகக் கிடைக்கும் விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதைநெல் கொடுத்து, மறு வருடம் 4 கிலோவாகத் திரும்பக் கேட்டார். 2018-இல் அவர் மறைவதற்குள் 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டது இந்தக் கணக்கில்தான். நம்மில் பலர் விதைப் பகிர்வுக்குப் போய் இருபது ரகம் அள்ளிவந்து டப்பாவில் மக்க விடுகிறோம். மூன்று ரகம் வாங்குங்கள், ஒன்றையாவது விதை வரை கொண்டுபோங்கள், கொடுத்தவருக்கே ஒரு கைப்பிடி திருப்பிக் கொடுங்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். 1999-இல் முதல் உழவர் சந்தை திறந்தது உங்கள் ஊர் அண்ணா நகரில்தான். அங்கே விற்பவர்கள் விளைவித்தவர்களே. உங்களுக்குப் பிடித்த கத்தரி விற்கும் அம்மாவிடம் அது நாட்டு ரகமா, விதை அவர்களே எடுப்பதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஒரே ஒரு காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அதற்குக் காய் விலை கொடுக்காதீர்கள், விதை விலை கொடுங்கள். நூறு ரூபாய் கொடுத்தாலும் குறைவுதான். ஒரு பழத்தில் உங்கள் தெருவுக்கே போதுமான விதை இருக்கும்.