எடுக்க ஒன்றுமில்லையா? புகைப்படக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் படமெடுக்க எதுவுமே இல்லை சார். காசி, லடாக் என்று போனால்தான் கை ஓடுகிறது. மாதாமாதம் போக முடியுமா?

பதில்: முடியாது, போகவும் வேண்டாம். ஜோசப் சுதெக் என்று செக் நாட்டில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் அவர் வாழ்ந்த பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது கேமராவோடு தெருவில் திரிவது ஆபத்து. மனிதர் தன் ஸ்டுடியோ ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார். 1940இல் தொடங்கியது, போர் முடிந்தும் விடவில்லை. 1954 வரை அதே ஜன்னல். கண்ணாடியில் வழியும் நீர், படிந்த பனி, வெளியே ஒரு கோணல் மரம். அவ்வளவுதான் சரக்கு. வெளிச்சம் மாற மாற படமும் மாறியது. சரி, உங்கள் வீட்டு ஜன்னலில் மாலை ஐந்து மணி வெயில் எங்கே விழும்? பார்க்காமல் சொல்லுங்கள்!

கேள்வி: எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்?

பதில்: பழைய படங்களில் ஐம்பதைப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஃபோனில் பார்த்தால் பிடிபடாது. நான் பரப்பியபோது பாதிக்கு மேல் முதுகுகள்! முகத்தை எடுக்கக் கேட்கக் கூச்சப்பட்டு, பின்னாலிருந்தே எடுத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் வேண்டுமென்றே ஒரு வருடம் முதுகுகளாகவே எடுத்தேன். மூட்டை தூக்குபவர் முதுகு வேறு, பரீட்சை எழுதிவிட்டு வரும் பையன் முதுகு வேறு.

கேள்வி: 35 மி.மீ. லென்ஸ் வாங்கவா, 85 வாங்கவா?

பதில்: இருப்பதை வைத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. ஒன்றிலேயே காலம் தள்ளினார்.

கேள்வி: பிடித்தவரைக் காப்பியடித்துப் பழகலாமா அண்ணா?

பதில்: பழகலாம் தம்பி. ஆனால் புகைப்படத்துக்கு வெளியே திருடுவது இன்னும் நல்லது. அமெரிக்கப் புகைப்படக்காரர் சால் லைட்டர் 1946இல் நியூயார்க் வந்தது ஓவியராக. அவருடைய ஒரு படத்தில் முக்கால்வாசியைக் கறுப்புப் பந்தல் துணி அடைத்திருக்கும். அடியில் மிஞ்சிய கீற்றில் பனி பெய்யும் தெரு. ஓவியம் பழகிய கண்ணுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். நீங்கள் சித்தன்னவாசல் போய், அங்குள்ள தாமரைக் குள ஓவியத்தில் மீனும் யானையும் எப்படி நெருக்கியடித்து நிற்கின்றன என்று பாருங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகக் கேமராவைத் தொடவே மனசு வரவில்லை.

பதில்: தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மழைக்காலம், லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.