ஆள் போகவேண்டியது எங்கே?

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் பள்ளியில் ‘மனிதன் அடுத்துப் போகவேண்டியது நிலவுக்கா, செவ்வாய்க்கா’ என்று பட்டிமன்றம் வைத்தோம். கைதட்டல் வாங்கியது செவ்வாய் அணிதான். 1969இலேயே கால்வைத்துவிட்ட இடத்துக்கு மறுபடி எதற்குக் கோடிகளைக் கொட்டவேண்டும், அங்கே காற்றும் இல்லை, பதினான்கு நாள் ராத்திரி வேறு என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. நீங்கள் எந்தப் பக்கம்? குலசையில் (குலசேகரன்பட்டினத்தில்) வரும் ஏவுதளத்திலிருந்து நிலவுக்கு ராக்கெட் போகுமா என்றும் கேட்கிறார்கள்.

ஓர் ஆசிரியர், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

நான் நிலவுப் பக்கம். ஆனாலும் செவ்வாய் அணி கைதட்டல் வாங்கியதில் நியாயம் உண்டு. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் செவ்வாயின் படங்கள் அந்நியமாகத் தெரியாது. இரண்டு சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். செவ்வாயில் ஒரு நாள் என்பது நம்முடையதைவிட நாற்பது நிமிடம்தான் கூடுதல். அங்குள்ள மெலிந்த கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கமுடியும் என்று, 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒரு கருவி செய்தே காட்டியது. மொத்தம் 122 கிராம், ஆனாலும் ஆக்சிஜன்தானே. நிலவிலோ ராத்திரியைத் தாண்டுவதே பெரும்பாடு. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய நம் சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரமைச் செப்டம்பர் தொடக்கத்தில் தூங்கவைத்தார்கள். பொழுது விடிந்தபிறகும் அது எழுந்திருக்கவில்லை.

குடியிருக்கத் தோதான இடம் எது என்று மட்டும் கேட்டால் என் ஓட்டும் செவ்வாய்க்கே. ஆனால் அங்கே ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வது?

செவ்வாய்க்கு நாம் அனுப்பிய மங்கள்யானை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பரில் கிளம்பி 2014 செப்டம்பர் 24 அன்று போய்ச்சேர்ந்தது. வழியில் கிட்டத்தட்ட 300 நாள் சும்மா கிடந்த பிரதான எஞ்சின் மறுபடி எரியுமா என்பதே பெரிய கவலை. அதனால் இரண்டு நாள் முன்னதாக நான்கே நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. சுற்றுப்பாதையில் நுழையும் நாளன்று அது சுமார் 24 நிமிடம் எரியவேண்டும். சேதி பூமிக்கு வந்துசேரவோ 12 நிமிடம். போதாக்குறைக்குக் கலம் நடுவில் கிரகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கட்டளைகளை எல்லாம் முன்கூட்டியே ஏற்றிவிட்டுப் பெங்களூரில் காத்திருந்தார்கள், வேறு வழியில்லை. உள்ளே ஆள் இல்லை என்பதால் தாங்கக்கூடிய காத்திருப்பு அது.

ஆள் இருந்தால்? 1970 ஏப்ரலில், நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மூன்று பேரும் பூமியிலிருந்து சுமார் 3.2 லட்சம் கிலோமீட்டரில் இருந்தார்கள். நிலவைச் சுற்றிக்கொண்டு நான்கு நாளில் வீடு திரும்பினார்கள். அதே வெடிப்பு செவ்வாய்க்குப் போகும் வழியில் நடந்திருந்தால், திரும்பிவர மாதக்கணக்காகும். கிரகங்கள் தோதாக அமைவதே 26 மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இங்கிருந்து உதவி அனுப்புவதும் நடக்காது. விண்வெளி நிலையத்தில் மூச்சின் ஈரம், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீதம்வரை தண்ணீராக மீட்கிறார்கள், பெரிய சாதனைதான். ஆனால் அங்கே பம்பு ரிப்பேரானால் அடுத்த சரக்குக் கலத்தில் புதுசு வந்துவிடும். அப்படி ஒரு கலம் வராமலே வருஷக்கணக்கில் ஓட்டிப் பழக, கூப்பிடு தூரத்தில் ஓர் இடம் வேண்டும்.

நிலவு செவ்வாய்க்குப் படிக்கட்டு என்பார்கள். அதில் எனக்கு முழு ஒப்புதல் இல்லை. செவ்வாயில் காற்று இருப்பதால் வெப்பக் கவசம், பாராசூட் என்று இறங்கும் வித்தையே வேறு; நிலவில் அதைப் பழகமுடியாது. அங்கே பழகவேண்டியது ரிப்பேர் வேலை.

இன்னொரு காரணத்தைப் பட்டிமன்றத்தில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. செவ்வாயில் எப்போதாவது நுண்ணுயிர் இருந்ததா என்பது இன்னும் முடியாத கேள்வி. ஊர்திகளையே கிருமிநீக்கம் செய்துதான் அனுப்புகிறோம். மனிதனைக் கிருமிநீக்கம் செய்ய முடியுமா? நாம் போய் இறங்கியபிறகு அங்கே ஓர் உயிர் கிடைத்தால், அது அந்த மண்ணுடையதா, நம் வயிற்றிலிருந்து போனதா என்ற வழக்கு லேசில் தீராது. ஆகவே இப்போதைக்கு நிலவுக்கு ஆள், செவ்வாய்க்கு இயந்திரம் என்பேன்.

அப்புறம், குலசை. அங்கே வரப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டுக்கான தளம். சுமார் 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். சந்திரயான்-3இன் எடையே 3,900 கிலோ. அதைத் தூக்க ஸ்ரீஹரிகோட்டாவில் எல்விஎம்3 என்ற பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. குலசையின் லாபம் வேறு: இலங்கையைச் சுற்றி வளையாமல் தெற்கே நேராக ஏவலாம், எரிபொருள் மிச்சம். பிள்ளைகள் ஏமாந்துபோனால் மகேந்திரகிரியைச் சொல்லுங்கள். எல்விஎம்3இன் விகாஸ் எஞ்சினையும், கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினையும் எரித்துச் சோதிப்பது உங்கள் பக்கத்து மலையடிவாரத்தில்தான்.