கூரை கழுவ காசு கேட்டா வளையல் ஏன் கடைக்குப் போகணும்?

இலங்கை மலையகத்துல, கொட்டகலை பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. கொஞ்சம் சுருக்கிப் போடுறேன்.

"எங்க வீடு ரோட்டுக்கு கீழ, 58 படி இறங்கணும். 40க்கு 25 அடி, ஆயிரம் சதுர அடிதான். முன்பக்கம் பழைய ஓடு, பின்னால குசினிக்கு மட்டும் அஸ்பெஸ்டஸ் சீட். வருஷா வருஷம் பாசி புடிக்குது. மூணு வருஷமா கொழுந்தன்தான் பிரஷர் மெஷின் கொண்டு வந்து அடிச்சுத் தர்றார். முதல்ல 38,000, அடுத்து 40,000, போன தடவை 41,000. மூணு தடவையும் என்னோட ரெண்டு வளையல, சேத்து ரெண்டு பவுன், அடகு வச்சுதான் குடுத்தேன், மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி. போன தடவை அவருக்கு மெஷின் ரிப்பேருக்கு 25,000 சேத்து எடுத்துக் குடுத்தேன். இப்ப தவணை வருது. கடைக்காரர் 'பவுன் ஏறிருச்சு டீச்சர், 300,000 வரைக்கும் எடுக்கலாம்'னு சொல்றார். வேற ஒரு கூரை கழுவுற ஆளுகள கூப்பிட்டுக் காட்டுனேன், 62,000 கேக்குறாங்க, கூரை 1,470 சதுர அடின்னு எழுதியிருக்காங்க, ஏமாத்துறாங்களா? கொழுந்தன் இப்ப கூரைக்கு மேல பூசுற நேனோ கோட்டிங்குக்கு ஏஜென்ட் ஆயிட்டார், 360,000 ஆகுமாம், பத்து வருஷ வொறண்டியாம், கிரெடிட் காட்ல 24 மாசம் வட்டியில்லாம கட்டலாமாம். தீபாவளிக்கு முன்னாடி முடிச்சிரணும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. மகளுக்காகப் போட்ட ஃபிக்ஸட் 150,000 இருக்கு, 8 சதவீதம், அதத் தொட மனசு வரல. அரசாங்க வேலைக்காரங்களுக்குக் குடுக்குற டிஸ்ட்ரஸ் லோன் ஏற்கனவே எடுத்துக் கட்டிக்கிட்டு இருக்கேன். மாசம் 15,000 மிச்சம் புடிக்க முடியும். என்ன பண்ணட்டும்?"

டீச்சர், முதல்ல அந்த 62,000த்தப் பாப்போம், அது நியாயமான ரேட்தான், ஏமாத்தல. ஆயிரம் சதுர அடிங்கிறது வீட்டுத் தரை, ஆனா அவங்க கழுவப் போறது கூரைய. சுத்திவர ரெண்டு ரெண்டு அடி தாவாரம் வெளிய நீட்டியிருக்கும், அப்ப 44க்கு 29, அதுவே 1,276 வருது, அதுக்கு மேல சாய்வு. நம்ம பக்கம் மழைக்கு ஓட்டுக்கூரைய நல்லா சாச்சுத்தான் போட்டிருப்பாங்க, 30 டிகிரி சாய்வுன்னா பரப்பு 15 சதவீதம் கூடும், பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 1,470. ஒழுங்கா அளந்து எழுதுன ஆளு.

காசு எதுல போகுதுன்னு நான் ரஃப்பா போட்டுப் பாக்குறேன். சாய்வுக் கூரை, கயித்தக் கட்டிக்கிட்டு ஏறுற வேலை, நாலு பேர் ரெண்டு நாள், ஆளுக்கு 4,000ன்னா 32,000 அங்கயே போச்சு. வண்டி 6,000. பாசி மருந்து 5,000. ஒடஞ்ச ஓடு மாத்துறது, முகட்டு ஓட்டுக்கு சாந்து பூசுறது 6,000. மிச்சம் 13,000ல சாப்பாடு, சாமான் தேய்மானம், அவங்க லாபம். இதுல உங்க 58 படியும் இருக்கு டீச்சர். ஏணி, ஓஸ், தண்ணி டேங்க் எல்லாத்தையும் தோள்ல சுமந்து இறக்கி ஏத்தணும், பின்பக்கம் சரிவா இருந்தா ஏணி ஊன்ற இடமே தேடணும், வாசல்ல வண்டி நிக்கிற வீட்டுக்கு இதே ஆளுங்க கொறைச்சுக் கேப்பாங்க. பாசி மட்டும்னா லேசு, வெள்ளை வெள்ளையா வட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கே லைக்கன், அது ஓட்டுக்குள்ளயே வேர் மாதிரி இறங்கியிருக்கும், சுரண்டுனா ஓட்டோட மேல்தோலும் சேந்து வரும், மருந்தடிச்சு விட்டு தானா செத்து மழையில உதிர விடணும், அதுக்கு மாசக்கணக்குகூட ஆகும்.

இப்ப கொழுந்தனோட 41,000. அவர் கொறைச்சு வாங்குறதுக்குக் காரணம் மெஷின், ஒரே நாள்ல முடிஞ்சிரும், செங்கலர்ல பளிச்சுன்னு தெரியும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்த வேகத் தண்ணி பாசிய மட்டும் எடுக்கல. அடிச்சு முடிச்ச ஓடு ஒண்ண விரலால தேச்சுப் பாருங்க, செவப்பா பவுடர் ஒட்டும். அதே ஓட்டுல ஒரு கரண்டி தண்ணி ஊத்துங்க. தோல் நல்லா இருக்குற ஓட்டுல தண்ணி வழிஞ்சு ஓடும், தோல் போன ஓடு அப்பிடியே குடிச்சிரும். தண்ணி குடிக்கிற ஓட்டுலதான் அடுத்த மழைக்குப் பாசி ஓடி வரும். வருஷா வருஷம் பாசி புடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, கொட்டகலை மழையும் பனியும் ஒரு காரணம், வருஷா வருஷம் மெஷின் அடிக்கிறது இன்னொரு காரணம்.

குசினி சீட்டு விஷயத்துல நான் கண்டிப்பாவே சொல்றேன். அஸ்பெஸ்டஸ்ல பிரஷர் மெஷின் இனிமே படவே கூடாது. அந்த நார் காத்துல பறந்து நெஞ்சுக்குள்ள போனா கேன்சர் வரலாம், எந்த வகை அஸ்பெஸ்டஸும் இதுக்கு விலக்கில்லைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. காஞ்ச சீட்ட பிரஷ் போட்டுத் தேய்க்கிறதும் கூடாது. இதுவரைக்கும் நடந்தத நெனச்சு ராத்திரி முழிச்சுக் கிடக்காதீங்க, இனிமே வேணாம், அவ்வளவுதான். நல்லா நனைச்சு, லேசான தண்ணியில மருந்து அடிச்சு விடுறவங்களா பாருங்க, வர்றவங்ககிட்ட சீட்டுக்கு என்ன பண்ணுவீங்கன்னு மொத கேள்வியே அதுவா இருக்கட்டும். மெஷின்னு சொன்னா அப்பிடியே படியேற விட்ருங்க. கூரைத் தண்ணிய டேங்க்ல புடிக்கிற வீடுன்னா மருந்தடிக்கிற அன்னைக்கும் அடுத்த ரெண்டு மூணு மழைக்கும் பைப்பக் கழட்டி வெளிய விடச் சொல்லுங்க.

சரி, கூரை கெடக்கட்டும். உங்க லெட்டர்ல எனக்கு மனசு கேக்காத இடம் வேற. அந்த வளையல்.

நீங்க ஒரு தடவகூட அத மீட்கல டீச்சர். வருஷம் முடிய முடிய பவுன் விலை ஏறுது, கடைக்காரர் இன்னும் எடுக்கலாம்னு சொல்றார், நீங்க பழைய கணக்க முடிச்சு அதே வளையல்ல பெருசா ஒரு புதுக் கணக்கு தொறக்குறீங்க. கையில இருந்து காசு போகாததால வட்டி கட்டுன மாதிரியே தெரியல. எழுதிப் பாக்குறேன், கூடவே நீங்களும் ஒரு பேனா எடுங்க. நான் சுருக்குறப்ப விட்ட உங்க அடகுக் கணக்குப்படி, முதல் வருஷம் 45,000 எடுத்தீங்க, வட்டி 10,800. ரெண்டாவது வருஷம் 100,000 எடுத்து பழைய 55,800த்த முடிச்சு 44,200 கைக்கு வந்துச்சு, அந்த வருஷ வட்டி 24,000. மூணாவது வருஷம் 190,000 எடுத்து 124,000த்த முடிச்சு 66,000 கைக்கு வந்துச்சு, அதுல 41,000 கூரைக்கு, 25,000 கொழுந்தனுக்கு. இப்ப வட்டி 45,600. மொத்தம் கட்ட வேண்டியது 235,600. மூணு வருஷத்துல கூரைக்குப் போனது 119,000, வட்டிக்குப் போனது 80,400.

இப்ப அவர் சொல்ற மாதிரி 300,000 எடுத்தா பழசு போக 64,400 வரும், கூரைக்குப் போதும், மனசுக்கு லேசா இருக்கும். ஆனா அடுத்த வருஷ வட்டி மட்டும் 72,000. கூரை கழுவுற கூலி 62,000, அத விட வட்டி கூட. அதுக்கு அடுத்த வருஷம் பவுன் ஏறலன்னா? ஏறுனாத்தான் இந்த வழி ஓடும், நின்னுச்சுன்னா வளையல் ஏலத்துக்குப் போகும். எங்க அம்மாவோட தோடு அப்பிடித்தான் போச்சு, ஏல நோட்டீஸ் பழைய லயத்து அட்ரஸுக்குப் போயிருந்துச்சு, நாங்க கடைக்குப் போயி நின்னப்ப முடிஞ்சு ஒரு வாரம். அம்மா அன்னைக்கு ஒண்ணுமே பேசல, பஸ்ல வர்ற வழியெல்லாம் காதத் தடவிக்கிட்டே வந்தாங்க. அதனாலதான் இந்த விஷயத்துல நான் கொஞ்சம் கடுமையா பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அந்த ஃபிக்ஸட்ட ஒடைங்க. மகளுக்குன்னு போட்டதுன்னு தெரியும். அந்த வளையலும் மகளுக்குத்தானே டீச்சர். 150,000த்துக்கு பேங்க் வருஷத்துக்கு 12,000 தருது, அதே 150,000த்துக்கு நீங்க கடையில 36,000 கட்டுறீங்க. முன்கூட்டியே எடுத்தா பேங்க்ல கொஞ்சம் வட்டி வெட்டுவாங்க, வெட்டட்டும். 150,000த்தக் கொண்டு போய்க் கட்டுனா மிச்சம் 85,600. ரெண்டு வளையலும் ஒரே ரசீதுலயா தனித்தனியான்னு பாருங்க, ஒண்ணா இருந்தா பிரிச்சுத் தரச் சொல்லுங்க, 85,600த்துக்கு ஒரு வளையல் போதும், இன்னொண்ணு அன்னைக்கே உங்க கைக்கு வரணும். அந்த ஒண்ணையும் வட்டி கொறைவா இருக்குற பேங்க் அடகுக்கு மாத்த முடியுமான்னு விசாரிங்க. மாத்த முடியலன்னாலும், மாசம் 15,000 கட்டுனா இதே ரெண்டு வட்டியில ஏழாவது மாசம் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் அதே 15,000த்த மொதல்ல மகளோட கணக்குல போட்டு ஃபிக்ஸட்ட திரும்ப நிரப்புங்க, பத்து மாசம்.

கோட்டிங்? வேணாம். 360,000த்த 24ஆல வகுத்தா மாசம் 15,000. நீங்க மிச்சம் புடிக்கிறதே அவ்வளவுதான், ரெண்டு வருஷத்துக்கு வளையல் பக்கமே திரும்ப முடியாது. வட்டியில்லாத தவணைன்னு சொல்றதுலயும் முதல்லயே ஒரு கட்டணம் எடுப்பாங்க, இல்ல விலைக்குள்ளயே போட்டிருப்பாங்க, முழுக்காசு கையில குடுத்தா எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க, எவ்வளவு கொறையுதோ அதுதான் அந்த வட்டி. வொறண்டி பேப்பர்ல திரும்பப் பாசி புடிச்சா யார் பொறுப்புன்னு தேடிப் பாருங்க. அதோட எந்த கோட்டிங் அடிக்கிறதா இருந்தாலும் கூரைய முதல்ல சுத்தமா கழுவி, காய வச்சு, ஒடஞ்சத மாத்தணும், அப்ப கழுவுற செலவு எங்கயும் போயிடல. தோல் போன ஓட்டுக்கு மேல பெயின்ட் பூசுனா உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழியில்லாம அந்தப் பூச்சே தோல் தோலா உரிஞ்சு வரும்.

கொழுந்தன் வந்து அண்ணின்னு கேக்குறப்ப முடியாதுன்னு சொல்றது கஷ்டம், எனக்கும் அப்பிடிப்பட்ட சொந்தம் இருக்கு. 25,000த்த இனிமே கேக்காதீங்க, அது போச்சுன்னு வைங்க, கேட்டுக்கிட்டே இருந்தா அத அடைக்கவே உங்ககிட்ட வேலை வாங்கித் தரச் சொல்லுவார். ஆனா அவர்கிட்ட நேரா, வீட்டுக்காரரும் பக்கத்துல இருக்குறப்ப சொல்லுங்க, வளையல் மீட்குற வரைக்கும் கூரைக்கு ஒரு வேலையும் இல்ல தம்பி, அதுக்கப்புறமும் மெஷின் வேணாம்னு. காரணமா பவுடர் ஒட்டுன விரல காட்டுங்க, அவருக்கே தெரியட்டும், அவரும் அந்த சீட்டுத் தூசிலதான் நின்னு வேலை செய்றார். அவர் மேல அக்கறை இருந்தா அதையும் சொல்லணும்.

தீபாவளிக்கு முன்னாடின்னு அவசரப்படுறதுல அர்த்தமே இல்ல. ஐப்பசியில நம்ம பக்கம் பின்னேரம் ஆனா இடியோட மழை, இன்னைக்கு அடிச்ச மருந்து ராத்திரிக்கே பீலில, அதான் கூரைத் தண்ணி ஓடுற தகரக் கால்வாய்ல, ஓடிரும். அட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் கூரை வேலைக்கு நல்ல காலம் தை பொறந்ததுல இருந்து பங்குனி வரைக்கும். வைகாசி கடைசியில பெருமழை தொடங்கிரும், வட்டவளை பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டர் தாண்டுற மழை, அதுல பெரும்பங்கு அப்பத்தான். பண்டாரவளை, பதுளைக்காரங்க இதப் படிச்சா, உங்களுக்கு கார்த்திகையில இருந்து தை வரைக்கும்தான் மழை, நீங்க ஆனி ஆடியில பண்ணுங்க.

இப்போதைக்கு முழுக் கூரைய விட்ருங்க டீச்சர், ரெண்டு மூணு வருஷம் பாசியோட இருந்தா ஓடு விழுந்துராது. ஒழுகுற எடத்துல ஒடஞ்ச ஓட்ட மட்டும் ஒரு மேசன் பாஸ கூப்பிட்டு மாத்திருங்க, பீலில அடைச்சிருக்குற எலையையும் மண்ணையும் அள்ள விடுங்க, அதுக்கு பண்டிகை முற்பணம் போதும். எலை எல்லாம் பக்கத்து சவுக்கு மரத்துல இருந்து வருதுன்னா அந்தக் கொப்ப வெட்டுனாலே பாசி கொஞ்சம் கொறையும், தோட்டத்து மரம்னா ஆபீஸ்ல கேட்டுட்டு வெட்டுங்க. மெஷின் அடிக்காம மருந்து மொறையில பண்ணுனா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு வைங்க, 62,000த்த 36 மாசத்துக்குப் பிரிச்சா 1,720 சொச்சம். மாசம் 2,000, தேசிய சேமிப்பு வங்கியில தனியா ஒரு புத்தகம் போட்டு, அட்டையில கூரைன்னு எழுதி வைங்க.

அந்த 62,000 ஆளோட நம்பர பத்திரமா வைங்க. வளையல் ரெண்டும் கையில வந்து ஃபிக்ஸட்டும் நிரம்புன பிறகு வர்ற தைப்பொங்கல் கழிச்சு வரச் சொல்லுங்க, ரேட் அப்ப கொஞ்சம் ஏறியிருக்கும், பரவால்ல. அட்வான்ஸ் 10,000த்துக்கு மேல குடுக்காதீங்க, மிச்சம் வேலை முடிஞ்சு பீலில தண்ணி ஊத்திப் பாத்துட்டு.